பழைய காருக்கு ஒரு காற்று வடிகட்டி

உணவில்லாமல் சில வாரங்களும், நீரில்லாமல் சில நாட்களும் மனிதன் உயிர் தாங்கி இருக்கக்கூடும். காற்றில்லாமல் சில நிமிடங்கள்கூட இருக்க இயலாது. நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளில் ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறோம். மண்ணால் உருவான மனிதனின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் கூறுவதை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அத்தகைய மூச்சுக் காற்றையும் குடிநீரைப் போல வடிகட்டிப் பயன்படுத்த வேண்டிய காலம் வந்துவிட்டது. வீட்டுக்கு வெளியே நாம் அமர்ந்து செல்லும் காரில் இதை எப்படிச் செய்யலாம், அதுவும் பழைய காரில் எப்படிச் செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காருக்குள் காற்று வரும் வழி

கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் காருக்குள் தூசி வராது என்று பலரும் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. முன் கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், சிறுசிறு துளைகள் உண்டு. வெளிக்காற்று அவ்வழியே நுழைகிறது. டேஷ்போர்டின் உள்ளே இருக்கும் புளோயர் என்னும் விசிறி அக்காற்றை இழுத்து, குளிர்சாதனத்தின் கூலிங் காயில் வழியாகத் தள்ளி, நம் முகத்துக்கு நேரே விடுகிறது. முன்னால் செல்லும் லாரியின் புகை, ஆடி மாதக் காற்று வாரி இறைக்கும் மணல், சாலையோர மரங்களின் மகரந்தம் யாவும் இதே பாதையில்தான் வருகின்றன.

இப்பாதையின் நடுவே குறுக்காக வைக்கப்படும் மடிப்பு மடிப்பான ஓர் அட்டைதான் கேபின் காற்று வடிகட்டி. கடைக்காரர்கள் இதை ‘ஏ.சி. பில்டர்’ என்றும் சொல்வார்கள். எஞ்சினுக்குச் செல்லும் காற்றை வடிகட்டும் ‘ஏர் பில்டர்’ வேறு. அது பானெட்டுக்கு உள்ளே இருப்பது. கடையில் வெறுமனே ‘ஏர் பில்டர்’ என்று கேட்டால் எஞ்சினுக்கு உரியதையே எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்று இயந்திரத்தின் நுரையீரலைக் காப்பது. மற்றொன்று நம் நுரையீரலைக் காப்பது.

அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-ஆம் ஆண்டிலேயே வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும் அமைப்பைத் தன் கார்களில் தந்தது. ஆயினும் மடிப்பு வடிகட்டிகள் பரவலாகியது 1989-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். காருக்குப் பின்னர்தான். நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசிடரும் மாருதி 800-உம் இவ்வடிகட்டி இல்லாமலே ஓடின. அவ்விரண்டின் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. எனினும் பல வீடுகளில் அவை இன்னும் பேணப்படுகின்றன.

சல்லடை மட்டும் அன்று

மாவு சலிக்கும் சல்லடை தன் கண்ணைவிடப் பெரிய துகளை மட்டுமே நிறுத்தும். காற்று வடிகட்டியோ தன் இடைவெளிகளைவிடச் சிறிய துகள்களையும் பிடிக்கிறது. எப்படி என்கிறீர்களா?

வடிகட்டியின் உள்ளே இழைகள் காடு போலப் பின்னிக் கிடக்கின்றன. காற்று அவற்றைச் சுற்றி வளைந்து செல்கிறது. கனமான துகள், வேகமாக வரும் சைக்கிள் திருப்பத்தில் மரத்தில் மோதுவதைப் போல, வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகளோ நேராகச் செல்லாமல் அங்குமிங்கும் தள்ளாடிச் செல்வதால் ஏதாவதொரு இழையில் அகப்பட்டுவிடுகிறது. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைப் போல, சில வடிகட்டிகளின் இழைகளில் மின்னேற்றம் இருந்து தூசியைக் கவர்கிறது. பெரியதும் அல்லாமல் மிகச் சிறியதும் அல்லாமல், ஏறக்குறைய 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகளைப் பிடிப்பதே மிகக் கடினம்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் ஆழத்துக்கே சென்றுவிடுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக நல வாழ்வு நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது. நம் நாட்டில் 2009-இல் வகுக்கப்பட்ட வரம்பு 40 மைக்ரோகிராம். இதிலிருந்தே நம் காற்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதன் அவசியம் விளங்கும்.

நாங்கள் கண்டது

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் 2008-இல் வாங்கிய சிறிய கார் ஒன்று உள்ளது. அவளுடைய தம்பிக்கு இளைப்பு நோய் உண்டு. காரில் ஏ.சி.யைப் போட்டவுடன் ஒரு புழுக்க வாடை வரும். அவன் இருமத் தொடங்குவான். புதிய கார் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை அவளுடைய தந்தையார் அக்காரை மெக்கானிக்கிடம் கொண்டு சென்றபோது, அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் மூவரும் உடன் சென்றோம்.

மெக்கானிக் அண்ணாச்சி முன் இருக்கைக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்தார். அதன் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்த, பெட்டி கீழே இறங்கியது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைத் திறந்தால் வெறும் பள்ளம்! “விலை கூடுன வண்டிக்கு மட்டும் கம்பெனியில பில்டர் போட்டு விட்டிருப்பாங்க பாப்பா. இதுல எடம் மட்டும் இருக்கு, பில்டர் கெடையாது” என்றார் அவர். கைவிளக்கை அடித்துக் காட்டினார். கூலிங் காயிலின் மெல்லிய தகடுகளுக்கு இடையே கம்பளி விரித்தாற்போல் தூசி படிந்திருந்தது; நடுவே காய்ந்த வேப்பிலைகளும் கிடந்தன. காயில் எப்போதும் நனையும் பொருள். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரும். புழுக்க வாடையின் காரணம் எங்களுக்கு அப்போது புரிந்தது.

“மொதல்ல காயிலக் கழுவணும். அழுக்கு உள்ள இருக்கும்போதே பில்டரப் போட்டா, இருக்குற அழுக்குதான் ஒங்க மூஞ்சில வரும்” என்றார் அண்ணாச்சி. இது நாம் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம். வடிகட்டி புதிய தூசியைத்தான் தடுக்கும்; தனக்கு அப்பால் ஏற்கெனவே படிந்திருப்பதை அது அகற்றாது.

மூன்று வகைப் பழைய கார்கள்

முதல் வகை, மேற்சொன்னது போல இடம் இருந்தும் வடிகட்டி இல்லாதது. அந்த மாடலுக்கு உரிய வடிகட்டியை வாங்கிப் பொருத்தினால் போதும்.

இரண்டாம் வகையில், வடிகட்டிக்குரிய இடம் பிளாஸ்டிக்கால் வார்த்து மூடப்பட்டிருக்கும். அதை வெட்டித் திறந்து, வடிகட்டியோடு விலை உயர்ந்த வகைக்குரிய மூடியையும் வாங்கிப் போட வேண்டும். இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. வெட்டும் கத்தி ஆழமாக இறங்கினால் காயில் பழுதாகும். வெட்டிய துணுக்கு புளோயரில் விழுந்தால் சத்தம் எழும். உள்ளே வடிகட்டியைத் தாங்கும் விளிம்புகள் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெட்ட வேண்டும்.

மூன்றாம் வகை, இடமே இல்லாத மிகப் பழைய கார்கள். வெளிக்காற்று நுழையும் துளைகளின் உட்புறம் மெல்லிய வலை அடித்தால் இலைதழைகளாவது நிற்கும். புளோயர் காற்றை இழுக்கும் வாயில் சட்டம் அமைத்து வடிகட்டித் தாள் பொருத்துவோரும் உண்டு. அது இயலாதபோது, காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறு காற்றுத் தூய்மைக் கருவியை இருக்கையருகே வைத்துக்கொள்ளலாம்.

எவ்வகையாயினும் ஒரு விதி பொதுவானது. காற்று முழுவதும் வடிகட்டியின் ஊடாகவே செல்ல வேண்டும். காற்று எப்போதும் எளிய வழியையே தேடும். ஓரத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தாலும் அவ்வழியே புகுந்துவிடும். வாசற்கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்தவர் கதையாகிவிடும்.

செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

வேலையைத் தொடங்கும் முன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட வேண்டும். பழைய வடிகட்டியை மெதுவாக, சாய்க்காமல் இழுக்க வேண்டும். புதியதன் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காற்று செல்லும் திசையைக் குறிப்பது. அதன்படியே பொருத்த வேண்டும். மூடியபின் புளோயரை எல்லா வேகங்களிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வடிகட்டி கிடைக்கவில்லை என்று கைக்குட்டையையோ தடித்த துணியையோ திணிக்கக்கூடாது. துணி விசிறியில் சிக்கக்கூடும். மேலும் காற்றோட்டம் குறைந்தால் காயிலில் பனிக்கட்டி படியும். பல கார்களில் புளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் அதே காற்றினால்தான் குளிர்கிறது; காற்று நின்றால் அது சூடேறிக் கருகும்.

தாளாலும் இழையாலும் ஆன வடிகட்டியைத் தண்ணீரில் கழுவலாகாது. கழுவினால் தாள் இளகும். இழையின் மின்னேற்றம் நீங்கும். பார்வைக்கு வெண்மையானாலும் வேலைக்கு உதவாது. பொதுவாக 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே மாற்ற வேண்டும். காற்று மெலிவதும், மழைக்காலத்தில் முன் கண்ணாடியின் மங்கல் விலகத் தாமதமாவதும் வடிகட்டி அடைத்துக்கொண்டதன் அறிகுறிகள்.

வடிகட்டியால் முடியாதவை

கரித்தூள் சேர்த்த வடிகட்டி சில வாயுக்களையும் நாற்றத்தையும் ஓரளவு உறிஞ்சும். ஆனால் எந்தக் கேபின் வடிகட்டியும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் குடிக்கும் ஆற்றல் மட்டும் உண்டு. பழைய காரின் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் கிழிந்திருந்தாலோ அது உள்ளே வரக்கூடும். எனவே, வடிகட்டிக்குச் செலவிடும் முன் இவ்விரண்டையும் சரிபார்த்துக்கொள்ளும்படி பெற்றோரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஓடும் எஞ்சினோடு நிற்கும் காரில் ஏ.சி. போட்டு உறங்குவது ஒருநாளும் கூடாது.

புகை மிகுந்த சாலையில் வெளிக்காற்றை அடைத்து, உட்காற்றையே சுழல விடுவது நல்லது. ஆனால் நால்வர் ஐவர் அமர்ந்த காரில் நெடுநேரம் அவ்வாறே சென்றால், நாம் வெளிவிடும் கரியமில வாயு பெருகி ஓட்டுபவருக்கும் சோர்வு உண்டாகும். ஆகவே அவ்வப்போது வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும்.

வடிகட்டி மருந்தும் அன்று. எங்கள் தோழியின் தம்பி மருத்துவர் தந்த இன்ஹேலரை இன்றும் பயன்படுத்தி வருகிறான். ஆனால் காரில் ஏறியவுடன் வந்த இருமல் குறைந்திருக்கிறது என்று அவளுடைய தாயார் கூறினார். ஆறு மாதத்திற்குப் பின் அந்த வடிகட்டியை வெளியே எடுத்துப் பார்த்தோம். வெண்மையாய்ப் போனது சாம்பல் நிறமாய் வந்தது. அதில் படிந்திருந்த அத்தனையும் அச்சிறுவனின் முகத்துக்கு நேரே வந்திருக்க வேண்டியவை!

வெளியே நிற்பவர்கள்

வடிகட்டி காருக்குள் இருப்பவர்களை மட்டுமே காக்கிறது. நம் காரின் புகையோ வெளியே நிற்பவர்களுக்குச் செல்கிறது. பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் பாட்டிக்கும், வெயிலில் போக்குவரத்தைச் சீர்செய்யும் காவலருக்கும், நடந்தே பள்ளிக்கு வரும் நம் தோழியருக்கும் வடிகட்டி ஏது? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில், இவ்வுலகை நம் அனைவரின் பொது இல்லம் என்று அழைத்தார். ஓர் அறையில் புகை போட்டுவிட்டு, நாம் மட்டும் மற்றோர் அறையில் கதவடைத்துக்கொள்வது நல்ல குடும்பத்துக்கு அழகன்று.

ஆகவே கேபின் வடிகட்டியை மாற்றும் நாளிலேயே எஞ்சினின் ஏர் பில்டரையும் பாருங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழின் தேதியையும் பாருங்கள். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்து வையுங்கள். உள்ளிருப்போரும் வெளியே நிற்போரும் நல்ல காற்றைச் சுவாசிக்க நம்மால் இயன்றதைச் செய்வோமாக!