கண்ணுக்குத் தெரியாத கவசம்

நிகழ்ந்த இழப்பைக் கணக்கிட்டுவிடலாம். நிகழாமல் தடுக்கப்பட்ட இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பொருளியலின் பழைய கேள்விகளுள் இதுவும் ஒன்று. அமெரிக்கக் கடற்படையின் மின்னணுப் போர் விமானங்களின் வரலாறு இக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

மின்னணுப் போர் விமானத்தின் முதன்மைப் பணி குண்டு வீசுவதன்று. எதிரியின் ரேடார்களையும் தகவல் தொடர்பையும் வானொலி அலைகளால் குழப்புவதே. தாக்கச் செல்லும் விமானங்களை எதிரியின் ஏவுகணைகள் குறிபார்க்க முடியாதபடி அது திரையிடுகிறது. பணி வெற்றிகரமாக முடிந்தால், எல்லோரும் பத்திரமாகத் திரும்புவார்கள். செய்தியாவதற்கு எதுவும் இருக்காது.

இதன் அடிப்படை எளிமையானது. ரேடாரின் அலை இலக்குவரை சென்று, எதிரொலித்துத் திரும்ப வேண்டும். தொலைவு இருமடங்கானால் அந்த எதிரொலியின் வலிமை பதினாறில் ஒரு பங்காகிவிடும். குழப்பும் அலைக்கோ ஒருவழிப் பயணம்தான். அதன் வலிமை நான்கில் ஒரு பங்காகவே குறையும். தாக்கும் விமானம் ரேடாரை நெருங்க நெருங்க இந்தச் சாதகம் கரைகிறது. ஏவுகணைகளின் வீச்சு நீண்டுவிட்டதால், குழப்பும் விமானமும் முன்னைவிடத் தொலைவில் நிற்க வேண்டியுள்ளது. ஆகவே, கூடுதல் ஆற்றலும் கூர்மையான குறியும் தேவைப்படுகின்றன.

விமானந்தாங்கிக் கப்பல்களில் இப்பணியை 1970-களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்தது நால்வர் பறக்கும் 'பிரௌளர்' விமானம். அதன் இடத்துக்கு 2009-இல் வந்தது, 'சூப்பர் ஹார்னெட்' போர் விமானத்திலிருந்து உருவாக்கப்பட்ட, இருவர் பறக்கும் 'க்ரௌளர்'. விமானம் புதிதாயிற்று, ஆனால், அதன் இறக்கைகளின் கீழ் தொங்கிய குழப்பும் கருவிப் பேழைகள் வியத்நாம் போர்க்காலத்து 'ஏஎல்க்யூ-99' வகையைச் சேர்ந்தவையே. இடையிடையே மேம்படுத்தப்பட்டாலும், நொடிக்கு நொடி அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் இன்றைய ரேடார்களுக்கு அவை ஈடுகொடுக்கத் திணறின.

எனவே, நவீனமயம் என்பது இங்கு புதிய விமானத்தை வாங்குவதன்று. பேழையையும் மென்பொருளையும் மாற்றுவதாகும். ரேதியான் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பங்களிப்புடன் உருவாக்கிய நடு அலைவரிசைப் பேழை 'ஏஎல்க்யூ-249', 2024-இல் 'ஆபிரகாம் லிங்கன்' கப்பலுடன் முதல்முறையாகக் களத்துக்குச் சென்றது. அதன் அலைக்கற்றையை இயந்திர அசைவின்றி மின்னணு முறையில் திசைமாற்றி, ஒரே நேரத்தில் பல இலக்குகளை நோக்கிச் செலுத்தலாம். தாழ் அலைவரிசைப் பேழைக்கான பணியோ ஒப்பந்தப் பிணக்குகளால் ஆண்டுக்கணக்கில் தாமதமடைந்தது. அதுவரை பழைய பேழைகளும் புதியவற்றுடன் சேர்ந்தே பறக்க வேண்டும்.

இனி, கேள்வியின் பொருளியல் பக்கத்துக்கு வருவோம். ஒருவர் செலவிட, எல்லோரும் பயன்பெறும் பண்டத்தில் முதலிட எவரும் விரும்புவதில்லை. அமெரிக்க விமானப்படை தனது 'ரேவன்' மின்னணுப் போர் விமானங்களுக்கு 1998-இல் விடைகொடுத்தது. போர் விமானங்களுக்குத் துணையாகச் சென்று ரேடார்களைக் குழப்பும் பொறுப்பு முழுவதும் கடற்படை, கடற்காலாட்படை ஆகியவற்றின் 'பிரௌளர்'களின் மீது விழுந்தது. மறு ஆண்டே கொசோவோ போர் மூண்டது. 78 நாள்கள் நீடித்த அந்த வான்தாக்குதலில், எல்லாப் படைகளும் அந்தச் சில 'பிரௌளர்'களின் துணையைக் கோரி நின்றன. ரேடாருக்குப் புலப்படாதது எனப் போற்றப்பட்ட எஃப்-117 விமானமே அப்போரில் சுட்டுவீழ்த்தப்பட்டது.

அந்தப் பாடம் நீண்டநாள் நினைவில் நிற்கவில்லை. தரைத்தளங்களிலிருந்து இயங்கும் 'க்ரௌளர்' படைப்பிரிவுகளைக் கலைத்துவிடலாம் என்று 2022 மார்ச் மாத நிதிநிலை முன்மொழிவில் கடற்படை கூறியது. அதே மாதத்தில்தான், உக்ரைன் போரை அடுத்து, வாஷிங்டன் மாநிலத்தின் விட்பி தீவுத் தளத்திலிருந்து ஆறு 'க்ரௌளர்'கள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டன. சிக்கனக் கணக்கும் போர்க்களத் தேவையும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளில் இழுத்தன. நல்லவேளையாக, அமெரிக்க நாடாளுமன்றம் கலைப்புக்கு இசையவில்லை.

இசைந்திருந்தால் அந்த முடிவைத் திருத்துவது எளிதன்று. 'க்ரௌளர்' உற்பத்தி நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் ரெய்னியர் மலை அருகே ஒரு விமானம் விழுந்து, அதில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். 2025 பிப்ரவரியில் சான் டியாகோ விரிகுடாவில் மற்றொன்று விழுந்தது, இருவரும் உயிர்தப்பினர். இழந்த விமானத்துக்கு மாற்று வாங்கக் கடையில்லை. அலைகளை வாசித்து நொடியில் முடிவெடுக்கும் வீரரை உருவாக்குவதற்கோ பல ஆண்டுகள் பிடிக்கும்.

பாதுகாப்புச் செலவு முழுவதும் நியாயமானது என்பதன்று இக்கட்டுரையின் வாதம். தாமதங்களுக்கும் செலவு மிகுதிக்கும் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், கண்ணுக்குத் தெரியும் விமானத்துக்கு எளிதில் கிடைக்கும் நிதி, அதைக் காக்கும் தெரியாத கவசத்துக்குக் கிடைப்பதில்லை. வெட்டு என்று வரும்போதோ முதலில் வெட்டப்படுவது அதுவே. மழை பெய்யாத நாளில் குடையை விற்பவருக்குக் கையில் கொஞ்சம் காசு மிஞ்சலாம். அடுத்த மழையில் நனையப்போவதும் அவரே.