தனிம அட்டவணையும் தமிழ்ச் சொல்லாட்சியும்

வேதியியற் பொருளொன்றைத் தமிழ் ஆய்விதழில் எடுத்துரைத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஓர் அறிவுத்துறை புதியதொரு மொழிக்குள் புகுங்கால் அதன் சொற்களே முதற்கண் வந்து நிற்கின்றன. அச்சொற்களின் பொருத்தத்தை ஆராய்தல் தமிழ் பயில்வார்க்கு உரிய கடமையாம். ஆதலின், தனிமங்களின் அட்டவணையை மாணவர்க்கு முதன்முதல் அறிவுறுத்தும் முறையை அதிற் பயிலும் தமிழ்ச் சொற்களின் வழிநின்று ஈண்டு ஆராய்வாம்.

இம்முயற்சி நெடிய வரலாறுடையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875-இல் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ 1938-இல் அச்சேறியது. இவற்றாற் சொற்கள் கிடைத்தன. ஆனால், சொற்கள் கிடைத்த அளவிற் பணி முற்றுப்பெறவில்லை. தொட்டியம் போன்ற காவிரிக்கரை ஊரினின்றும் வரும் மாணவர் ஒருவர் அட்டவணையை 118 பெயர்கள் கொண்ட நிகண்டாகக் கருதி நெட்டுருச் செய்வாராயின், தேர்வு முடிந்ததும் அவை மறைந்தொழியும். அதனை ஓர் இலக்கணமாகக் கொண்டு கற்பாராயின், அறியாத தனிமத்தின் இயல்பையும் உய்த்துணரும் ஆற்றல் பெறுவார். அவர் எவ்வழியிற் செல்வார் என்பதை உறுதி செய்வது நாம் சொற்களை விளக்கும் முறையேயாகும்.

பூதமும் தனிமமும்

தொட்டியத்து மாணவர் திருவானைக்காவை நீர்த்தலம் என அறிவார். நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதக் கொள்கை நம் இலக்கியத்தில் வேரூன்றியது. ஐம்பூதத்தையும் தனிமத்தையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிப்பதனால், மாணவர் இரண்டனையும் ஒன்றெனவே மயங்குவர். பூதம் என்பது உலகை உணரும் வகைகளைப் பகுத்துக் காட்டும் மெய்யியற் சொல். தனிமம் என்பது வேதியியல் முறையால் மேலும் எளிய பொருள்களாகப் பகுக்கவியலாத பொருளைக் குறிப்பது. நீர், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிய சேர்மம். காற்றோ பல வளிகளின் கலவை. இலவாசியே 1789-இல் வெளியிட்ட பட்டியலில் 33 பொருள்கள் இடம்பெற்றன. அவற்றுட் சில தனிமங்கள் அல்ல என்பது பின்னர்ப் புலனாயிற்று.

நம் வழக்கில் பொன்னும் செம்பும் போலவே பித்தளையும் வெண்கலமும் எண்ணப்பட்டன. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஆதலின் இவற்றுக்கு அட்டவணையில் இடமில்லை. ஒரே வகை அணுக்களால் தனித்து நிற்பது எதுவோ அதுவே தனிமம். இப்பொருளை அச்சொல் தன்னுள்ளேயே தாங்கி நிற்கிறது. இலங்கைத் தமிழர் இதனை ‘மூலகம்’ என்பர். மூலம் என்னும் கருத்தால் அதுவும் பொருந்துவதே. எனினும் ‘மூலக்கூறு’ என்பது அணுக்களின் கூட்டத்தைக் குறித்தலால், இரண்டனையும் ஒருங்கு கற்கும் இளையோர் தடுமாறுதற்கு இடமுண்டு.

ஆவர்த்தனம் என்னும் சொல்

தனிமங்களை அடுக்கும் முறைக்குத் தமிழகத்தில் ‘தனிம வரிசை அட்டவணை’ எனவும் ‘ஆவர்த்தன அட்டவணை’ எனவும் இரு பெயர்கள் வழங்குகின்றன. பின்னது வடசொல் என்பதால் அதனை விலக்கற்பாலது என்பாரும் உளர். வரிசை என்னும் சொல் அடுக்கை மட்டுமே உணர்த்தும். ஆவர்த்தனம் என்பதோ மீண்டும் வருதலை உணர்த்தும். அட்டவணையின் உயிர்நாடி அம்மீட்சியேயாம். தாளத்தின் ஒரு சுற்றை ஆவர்த்தனம் என இசைவாணர் வழங்குதல் மாணவர் செவிக்கும் பழகியது.

இவ்வொப்புமைக்கு வேதியியல் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1865-இல் ஆங்கிலேயராகிய நியூலாந்து, தனிமங்களை அணு எடையின்படி அடுக்கினால் ஒவ்வோர் எட்டாவது தனிமமும் முதலாவதை ஒத்திருத்தலைக் கண்டார். இலித்தியம் தொட்டு எண்ணினால், பெரிலியம், போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளோரின் கழிந்து எட்டாவதாக நிற்பது சோடியம். ஏழு சுரங்கள் கழிந்து மீண்டும் சட்சம் வருதல் போன்றது இது என்றார் அவர். 1866-இல் இலண்டன் வேதியியற் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, தனிமங்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டோ என ஒருவர் எள்ளி வினவினார். எள்ளப்பட்ட அக்கொள்கைக்காகவே 1887-இல் அவருக்கு அரச கழகத்தின் தேவி பதக்கம் வழங்கப்பெற்றது.

பின்னர் 1898-இல் நியான் கண்டறியப்பட்டபோது சுற்றில் ஓரிடம் மிகுந்தது. ஏழு சுரக் கணக்கு மாறி, ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கைக் கணக்குப் பொருந்துவதாயிற்று. இலித்தியம் முதலெண்ணிக்கையில் நிற்க, நியான் எட்டாவதில் நிற்க, சோடியம் அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கமாகிறது. ஒப்புமையின் எல்லையையும் மாணவர்க்கு உடன் உரைத்தல் வேண்டும். தாளத்தின் சுற்று ஒரே அளவினது. தனிமச் சுற்றுகள் ஏழும் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 இடங்கள் உடையன. அணுவின் எலெக்ட்ரான் கூடுகள் நிரம்பும் ஒழுங்கே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ஒத்த புறக்கூட்டமைப்பு மீண்டும் வருதலின் ஒத்த பண்பும் மீண்டும் வருகின்றது. இடத்தை உறுதிசெய்வது அணு எடையன்று, அணுவெண்ணே என்பதை 1913-இல் மோசிலி நிறுவினார். அணு எடை மிகுந்த தெலூரியம் அயோடினுக்கு முன் நிற்றலின் காரணமும் அதனால் விளங்கிற்று.

இனப் பாகுபாடு

மெய்யெழுத்தை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்து உணர்ந்த மாணவர்க்கு உலோகம், அலோகம், உலோகப்போலி என்னும் முப்பகுப்புப் புதுமையாகத் தோன்றாது. எழுத்தினங்கள் ஒலிப்பண்பு பற்றியன; தனிம இனங்கள் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்தல், தகடாதல், எலெக்ட்ரானை இழத்தல் அல்லது ஏற்றல் முதலிய பண்புகள் பற்றியன. தனிமங்களிற் பெரும்பாலன உலோகங்கள். அவை அட்டவணையின் இடப்புறத்தும் நடுவிலும் பரந்து கிடக்கின்றன. அலோகங்கள் வலப்புற மேற்பகுதியில் அமைவன. இரண்டிற்கும் இடையே படிக்கட்டுப் போல இறங்கும் எல்லையில் போரான், சிலிக்கன், செர்மானியம், ஆர்செனிக், ஆண்டிமனி, தெலூரியம் ஆகிய உலோகப்போலிகள் நிற்கின்றன.

‘போலி’ என்னும் சொல் இக்காலப் பேச்சு வழக்கில் பொய்ப்பொருளைக் குறித்தலால், சிலிக்கன் ஏதோ தாழ்ந்த பொருள் என மாணவர் கருதுவர். இலக்கணத்தில் போலியாவது ஓரெழுத்தின் இடத்தில் பிறிதோரெழுத்து நின்று பொருள் மாறாமை. உலோகத்தை ஒரு சார் ஒத்து நிற்றலே ஈண்டும் கருத்து. முற்றக் கடத்தாமலும் முற்றத் தடுக்காமலும் இருக்கும் அவ்விடைநிலைப் பண்பினாற்றான் சிலிக்கன் இன்றைய கணிப்பொறிக்கு அடிப்படையாயிற்று.

நெடுவரிசையாகிய தொகுதியின் பயனுக்கு ஐம்பொன்னிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்னும் ஐந்தனுள் முதல் மூன்றும் அட்டவணையின் பதினோராம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. செம்பின் அணுவெண் 29, வெள்ளியினது 47, பொன்னினது 79. இவற்றிடையேயுள்ள வேறுபாடுகள் 18, 32 ஆதல் முற்கூறிய சுற்றளவுகளோடு ஒத்தல் காண்க. இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் வழங்கிய நம் முன்னோர், பொன் என்னும் ஒரு பெயரை இனப்பெயராகக் கொண்டு, நிறத்தை அடைமொழியாக்கி வகைப்படுத்தினர்.

காரமும் வாழைத் தோட்டமும்

முதற் தொகுதியினவாகிய இலித்தியம், சோடியம், பொட்டாசியம் முதலியவற்றைக் கார உலோகங்கள் என்கிறோம். காரம் என்றதும் மாணவர் நினைவில் எழுவது மிளகாய். இம்மயக்கத்தைத் தீர்க்கத் தொட்டியத்து வாழைத் தோட்டங்களே துணைபுரியும். வாழை பொட்டாசியத்தை மிகுதியாக வேண்டும் பயிராதலின், ‘பொட்டாஷ்’ உரத்தை அறியாத உழவர் அங்கு அரியர். மரஞ்செடிகளை எரித்த சாம்பலைச் சட்டியிலிட்டு நீரிற் கரைத்து வடித்து எடுத்த உப்பே பண்டு அப்பெயர் பெற்றது. சட்டிச் சாம்பல் என்பதே அதன் சொற்பொருள். சாம்பல்நீரின் வழுவழுப்பும் அழுக்கு நீக்கும் ஆற்றலுமே காரம் என்னும் வேதியியற் சொல்லின் பொருட்களம். நம் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய உவர்மண் அதே தொகுதியைச் சார்ந்த சோடியத்தின் உப்பை உடையது. 1807-இல் தேவி என்னும் அறிஞர் இவ்விரு வகைக் காரங்களினின்றும் மின்னாற்றலால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’ என்னும் எழுத்தாதற்குக் காரணமான ‘காலியம்’ என்னும் பெயரும் செடிச்சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிப் பிறந்ததே. இவ்வரலாறு அறிந்த மாணவர் அக்குறியீட்டை நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை.

வெற்றிடங்களின் பொருள்

1869-இல் மெண்டெலீவ் 63 தனிமங்களை அடுக்கியபோது சில இடங்களை வெறுமையாக விட்டார். அங்கு வரவேண்டியவற்றுக்கு ‘ஏக’ என்னும் வடமொழி எண்ணுப்பெயரை முன்னொட்டாக இட்டு ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கன் எனப் பெயரிட்டார். அவை முறையே காலியம் (1875), ஸ்காண்டியம் (1879), செர்மானியம் (1886) எனக் கண்டறியப்பட்டன. இக்காலியம் முற்கூறிய சாம்பற் பெயரின் வேறு. ஏக சிலிக்கனின் அணு எடை 72 எனவும் அடர்த்தி 5.5 எனவும் அவர் முன்னுரைத்தார். செர்மானியத்திற்கு இன்று கொள்ளப்படும் அளவுகள் 72.63, 5.32 ஆகும்.

அவர் எதிர்பாராத தொகுதியும் ஒன்றுண்டு. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அந்நாளைச் சென்னை மாகாணத்துக் குண்டூரில் ஜான்சென் ஆராய்ந்தார். அவ்வாண்டில் ஞாயிற்றின் ஒளிநிரலிற் கண்ட மஞ்சட் கோடொன்றை இலாக்கியர் புதிய தனிமத்துக்குரியதென உரைத்து, ஹீலியம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. புவியில் அதனை இராம்சே 1895-இற் கண்டார். மந்த வாயுக்களுக்கெனத் தனித்தொகுதி அமைந்தது அதன் பின்னரே. அட்டவணையின் அடியில் தனித்து எழுதப்படும் இரு வரிசைகளுக்கும் நம் நாட்டிற் சான்றுண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டு, அருமண் தனிமங்களையும் தோரியத்தையும் உடையது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். தனிமங்களின் இயற்பெயர்கள் உலகப் பொதுவாயினும் அவற்றின் இனப்பெயர்கள் தமிழிற் பொருள் விளங்க நிற்றல் வேண்டும் என்பது ஒன்று. தொடர், தொகுதி எனத் தமிழகத்தாரும் ஆவர்த்தனம், கூட்டம் என இலங்கையாரும் வழங்கும் சொற்களை இருசாராரும் அறியுமாறு பாடநூல்கள் இணைத்துத் தருதல் வேண்டும் என்பது மற்றொன்று. காரம், போலி, ஆவர்த்தனம் போன்ற பழஞ்சொற்கள் புதுப்பொருள் ஏற்குங்கால் அப்பொருள் வளர்ச்சியை விளக்குதல் தமிழாசிரியரின் பணியாம் என்பது மூன்றாவது. வேதியியலாசிரியரும் தமிழாசிரியரும் ஒரு பள்ளியில் ஒருங்கிருந்து இவ்வட்டவணையை ஒரு பாடவேளையேனும் விளக்குவாராயின், முற்கூறிய காவிரிக்கரை மாணவர் பெயர்களை மனனம் செய்வதோடு நில்லாமல், அவற்றின் காரணத்தையும் வினவத் தொடங்குவர்.