மாலையில் மலியும் அத்திப்பழம்: அழுகும் முன் ஜாம் ஆக்குங்கள்!

எலுமிச்சையை மறந்தால் ஆபத்து

சென்னை—

பாரிமுனை, தியாகராயநகர், மயிலாப்பூர் என்று ஜனம் நடமாடும் இடங்களில் எல்லாம், சீசன் வந்துவிட்டால் தள்ளுவண்டிகளில் அத்திப்பழம் தலைகாட்டுகிறது. காலையில் கிட்டே போக முடியாத விலை. ஆபீஸ் விடும் நேரத்துக்கு அதே பழத்தின் விலை இறங்கிவிடுகிறது. இருட்டிய பிறகோ, "குடுக்கறதக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போம்மா" என்ற நிலை!

பழத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. அத்திப்பழத்தின் ஆயுசே அவ்வளவுதான். பறித்த பழம் வெளியில் இருந்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

மாம்பழம், வாழைப்பழம் போல் காயாகப் பறித்து வந்து பழுக்க வைக்கும் வித்தை அத்தியிடம் பலிக்காது. மரத்திலேயே பழுக்க வேண்டும். பழுத்ததும் பறிக்க வேண்டும். பறித்ததும் விற்க வேண்டும். தோலோ காகிதம் போல் மெல்லியது. ஒன்றின் மேல் ஒன்று அழுந்தினால் சாறு கசியும். கசிந்த இடத்தில் புளிப்பு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும்.

அதனால் வியாபாரிக்கு ராத்திரி மிஞ்சிய பழம் எல்லாம் நஷ்டக் கணக்கு. வாங்கியவருக்கும் அப்படித்தான். ஆசையாக ஒரு கிலோ வாங்கிப் போய், நாலு பழம் தின்றுவிட்டு, மற்றதை மறுநாள் குப்பையில் கொட்டும் வீடுகள் எத்தனை!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. அன்று ராத்திரியே அடுப்பில் ஏற்றி ஜாம் ஆக்கிவிடலாம்.

எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் அத்திப்பழத்துக்குப் பேர்போன ஊர், மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தில் உள்ள புரந்தர் வட்டாரம். புரந்தர் அத்திப்பழத்துக்கு 2016-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருநெல்வேலிக்கு அல்வா மாதிரி, புரந்தருக்கு அத்தி!

அங்கே வருஷத்தில் இரண்டு பருவம். குளிர்காலத்தில் வருவது ‘கட்டா பகார்’. கோடையில் வருவது ‘மீட்டா பகார்’. கட்டா என்றால் புளிப்பு. மீட்டா என்றால் இனிப்பு. பெயரே சொல்கிறது, எந்தப் பருவத்துப் பழம் ருசி என்று. கர்நாடகத்திலும் அத்தி விளைகிறது.

நம்ம ஊர் அத்தி வேறே!

நம் கிராமங்களில் வாய்க்கால் ஓரம், கோவில் ஓரம் நிற்கும் நாட்டு அத்தி மரம் வேறு ஜாதி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் குளத்தில் இருந்து 40 ஆண்டுக்கு ஒரு முறை வெளியே வந்து தரிசனம் தரும் அத்தி வரதர், அத்தி மரத்தால் ஆனவர். 1979-க்குப் பிறகு 2019-ல் அவரைக் காணக் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். கடையில் ஜாமுக்கு வாங்கும் பழமோ சீமை அத்தி.

"அத்திப் பழத்தைப் பிட்டா அத்தனையும் சொத்தைன்னு சொல்வாங்களே?" என்று சிலர் முகம் சுளிப்பது உண்டு. அந்தப் பழமொழி நாட்டு அத்திக்குப் பொருந்தும். அத்தியின் பூ வெளியே தெரியாது. பழத்துக்கு உள்ளேயே பூத்துவிடும். ‘அத்தி பூத்தாற்போல’ என்று சொல்வதும் அதனால்தான். அந்த உள்பூவுக்கு மகரந்தம் கொண்டுபோக, குட்டிக் குளவி ஒன்று துளை வழியாக உள்ளே நுழைகிறது.

புனே ரகத்துக்கு இந்தக் குளவியின் தயவு தேவையில்லை. மகரந்தம் சேராமலே காய் பழமாகிவிடும். ஆகவே சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். என்றாலும் ஒவ்வொரு பழத்தையும் நறுக்கி, உள்ளே பார்த்துவிட்டுப் போடுவதே புத்திசாலித்தனம்.

என்னென்ன வேண்டும்?

அத்திப்பழம் 1 கிலோ. சர்க்கரை 700 கிராம். எலுமிச்சைச் சாறு 60 மில்லி, அதாவது 4 மேஜைக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்! கலர் வேண்டாம், எசென்ஸ் வேண்டாம்.

பழம் மெத்தென்று இருக்க வேண்டும். கொழகொழவென்று இருக்கக் கூடாது. முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, கள் வாடை அடித்தால் வாங்காதீர்கள். "ஜாமுக்குத்தானே, அழுகல் பழம் போதும்" என்று நினைப்பது தவறு. விலை குறைந்த பழம் வேறு, கெட்ட பழம் வேறு!

காம்பில் பால் வடியும் காயும் வேண்டாம். அந்தப் பால் பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். காம்பை நறுக்கி எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

செய்முறை

பழத்தைத் தண்ணீரில் ஊறப் போடாமல், அலசி எடுத்து ஈரம் துடையுங்கள். காம்பை நீக்கி, ஒவ்வொன்றையும் நாலைந்து துண்டாக நறுக்குங்கள். தோலை உரிக்க வேண்டியதில்லை. ஜாமின் நிறமும் கெட்டித்தன்மையும் அதில்தான் இருக்கிறது.

துண்டுகளில் சர்க்கரையைப் போட்டுக் கிளறி, மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பழமே தண்ணீர் விட்டுக்கொள்ளும். தனியாக நீர் ஊற்ற வேண்டாம். அத்திப்பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தானே!

அடிகனமான, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது. புளிப்பு பட்டால் உலோகம் கரையும். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே போட்டுக் குறித்து வையுங்கள். ஏன் என்பது பிறகு தெரியும்.

முதலில் சிறு தீ. சர்க்கரை முழுதும் கரைந்ததும் எலுமிச்சைச் சாறு, உப்பு சேருங்கள். பழம் வெந்து குழைந்ததும் மத்தால் மசியுங்கள். கொஞ்சம் துண்டாகவே இருந்தால் பல்லுக்கு ருசி. பிறகு தீயைக் கூட்டி, கை விடாமல் கிளறுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகலாம்.

ஜாக்கிரதை! கடைசிக் கட்டத்தில் ஜாம் ‘பொளக் பொளக்’ என்று தெறிக்கும். கொதிக்கும் தண்ணீரைவிட அதில் சூடு அதிகம். பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளை அடுப்பங்கரைப் பக்கமே விடக்கூடாது. நீளக் காம்புக் கரண்டி வைத்துக்கொள்வது நல்லது.

பதம் பார்ப்பது எப்படி?

ஜாம் செய்பவர்கள் தோற்பது இங்கேதான். அடுப்பில் இருக்கும்போது நீர்க்கத்தான் இருக்கும், ஆறினால் இறுகும். "இன்னும் கெட்டியாகலையே" என்று கிளறிக்கொண்டே இருந்தால், மறுநாள் பாட்டிலில் இருப்பது ஜாம் அல்ல, கமர்கட்!

ஒரு பீங்கான் தட்டை முன்கூட்டியே பிரிட்ஜில் வையுங்கள். அதில் ஒரு சொட்டு ஜாம் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. விரல் கோடு போட்ட இடத்தில் நீர் ஓடி மூடினால் பதம் வரவில்லை.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி சென்டிகிரேடில் இறக்கலாம். இது சென்னை போன்ற கடலோர ஊருக்கான கணக்கு. ஊட்டி, கொடைக்கானலில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும். அதற்குத் தக்கபடி ஜாம் பதமும் இறங்கும்.

எதுவும் இல்லாவிட்டால் தராசு இருக்கிறது. பாத்திரத்தோடு நிறுத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். மேலே சொன்ன அளவுக்கு, சுமார் 1¼ கிலோ நின்றால் சரி. மளிகைக் கடைக்காரர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

எலுமிச்சை ஏன்?

ருசிக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ஜாம் உறைவதற்கு மூன்று சங்கதி சேர வேண்டும்: பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசை, சர்க்கரை, புளிப்பு. அத்தியில் புளிப்பு மிகக் குறைவு. எலுமிச்சை இல்லாமல் காய்ச்சினால் பாகாக நிற்குமே தவிர உறையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. புளிப்பு குறைந்த உணவைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், ‘போட்டுலிசம்’ என்ற நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. அது கக்கும் விஷம் நரம்பைத் தாக்கும், மூச்சையே நிறுத்திவிடும். பல சமயம் வாடையோ நிறமோ மாறாது. புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி தலைதூக்காது. அத்திப்பழத்தின் அளவு பெரும்பாலும் 5-க்கு மேல்!

சர்க்கரையும் ஒரு காவல்காரன்தான். கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். "சர்க்கரையைப் பாதியாக் குறைச்சிட்டேன், எலுமிச்சை பிடிக்காது, போடலை" என்றால் இரண்டு காவல்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பிய கதை. சர்க்கரையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், எலுமிச்சையைக் குறைக்காமல், கொஞ்சமாகச் செய்து, பிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது

கண்ணாடி பாட்டில்தான் சரி. கழுவி, கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். சூடான ஜாமைச் சூடான பாட்டிலில் ஊற்றுங்கள். குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் ‘பட்’டென்று விரிசல் விடும். மேலே அரை விரல்கடை இடம் விட்டு, வாய்ப்பக்கம் துடைத்து மூடுங்கள். அடியில் துணி விரித்த பாத்திரத்தில், மூடிய பாட்டில் முழுகும் அளவு கொதிநீரில் இன்னொரு 10 நிமிடம் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

திறந்த பாட்டில் பிரிட்ஜில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடித்துவிடுங்கள். ஈர ஸ்பூன் உள்ளே போகவே கூடாது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், பூஞ்சணம் குடியேற. பூஞ்சணம் தெரிந்தால் மேலே வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுவது சில வீட்டு வழக்கம். அது கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே இறங்கியிருக்கும். மனசு கேட்காவிட்டாலும் முழுசாகக் கொட்டிவிடுங்கள்.

கட்டுமா, கட்டாதா?

பழம், சர்க்கரை, எலுமிச்சை, கேஸ் நாலின் செலவையும் கூட்டி 1¼-ஆல் வகுத்தால் ஒரு கிலோ ஜாம் அடக்கவிலை வந்துவிடும். காலை விலைப் பழத்தில் செய்தால் கையைக் கடிக்கும். மாலை விலைப் பழத்தில் செய்தால் கட்டும். தவிர, இது பேருக்குப் பழம் காட்டும் ஜாம் அல்ல. கிலோவுக்கு முக்கால் கிலோ அளவுக்குப் பழம் போட்ட ஜாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

வீட்டில் இருந்தபடி ஜாம், ஊறுகாய் செய்து நாலு காசு பார்க்கும் பெண்கள் பெருகி வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுப்பது வேறு, லேபிள் ஒட்டி விற்பது வேறு. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, சமையலறையில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சட்டப்படி ஜாம் என்றால் பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கரைந்த சத்து 65 சதவீதம் இருக்க வேண்டும். ஸ்டிராபெரி போன்ற ஒருசில பழங்களுக்கு மட்டும் விலக்கு. லேபிளில் என்னென்ன சேர்த்தது, எப்போது செய்தது, எத்தனை கிராம், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பழம் பதப்படுத்தும் பயிற்சியும் தருகிறார்கள்.

மருந்து என்று சொல்லாதீர்கள்!

"அத்தி சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று சொல்லி ஜாமை விற்பவர்களும் உண்டு. 100 கிராம் புதுப் பழத்தில் இரும்புச் சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்து 3 கிராம் உண்டு, அது நல்லது. ஆனால் ஜாம் ஆகிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. சர்க்கரை வியாதிக்காரர்கள் "பழம்தானே" என்று ஏமாறக் கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொல்வதே கணக்கு.

மற்றவர்களுக்கு? சூடான தோசைக்குத் தொட்டுக்கொண்டால் பிள்ளைகள் இன்னொன்று கேட்கும். கடை ஜாம் போல் சிவப்பாக இல்லையே என்று தயங்க வேண்டாம். அத்திப்பழ ஜாமின் சொந்த நிறம் செம்பழுப்புதான்.