தூரிகை பிடித்த மாலுமி

உயர்நிலை மூன்றில் படித்தபோது பள்ளியிலிருந்து எங்களைச் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்த ஓர் ஓவியம் இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி படிகளில் ஏறுகிறார்கள். ஒருத்தி உயரமானவள், வெளிர்நிறத்தவள். மற்றவள் அவளைவிடக் குள்ளம், மாநிறம். உயரமானவள் மற்றவளின் இடுப்பை அணைத்துக்கொண்டு தொலைவில் எதையோ சுட்டிக்காட்டுகிறாள். அக்காவும் தங்கையும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு நண்பர்களோடு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

சென்ற ஆண்டு, பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசிய வரலாற்று வகுப்பில் அதே ஓவியம் திரையில் தோன்றியது. தலைப்பு ‘ஸ்பெயினும் பிலிப்பீன்சும்’. ஆண்டு 1884. உயரமானவள் ஸ்பெயின். அவள் கையணைப்பில் நடப்பவள், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் ஆட்சியில் இருந்த பிலிப்பீன்ஸ். வரைந்தவர் ஒரு பிலிப்பினோ இளையர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஸ்பெயின் அவரைச் சிறையில் அடைத்தது.

அவர் பெயர் ஹுவான் லூனா. அன்று முதல் அவர் கதை என்னை விடவில்லை.

கடலுக்குப் போன பிள்ளை

லூனா 1857 அக்டோபரில், பிலிப்பீன்சின் வடபகுதியில் இலோகோஸ் நோர்ட்டே மாநிலத்தின் படோக் என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்தவர்களுடன் சேர்த்து வீட்டில் ஏழு பிள்ளைகள். லூனா மூன்றாமவர். அவருடைய சிறு வயதிலேயே குடும்பம் மணிலாவுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் மானுவெல் வயலின் கலைஞரானார். தம்பி அந்தோணியோ பின்னாளில் புரட்சிப் படையின் தளபதியானார்.

பள்ளிப்படிப்பை முடித்த லூனா முதலில் சேர்ந்தது மணிலாவின் கப்பல் கல்லூரியில். நிலையான வேலை, கையில் சான்றிதழ் என்று நம் வீடுகளில் பேசப்படுவது போன்ற பாதைதான். பதினேழு வயதிலேயே ஆழ்கடல் கப்பல் செலுத்துவதற்கான சான்றிதழைப் பெற்று, ஆசியத் துறைமுகங்களுக்குப் பயணம் செய்தார்.

ஆனால் கரைக்குத் திரும்பிய போதெல்லாம் அவர் போய் நின்றது லொரென்சோ கெரெரோ என்ற ஓவிய ஆசிரியரின் வீட்டில். பிறகு மணிலாவின் ஓவியக் கழகத்திலும் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த அகுஸ்டின் சயெஸுக்கு லூனாவின் தூரிகை வீச்சு பிடிக்கவில்லை. வேகமும் முரட்டுத்தனமும் அதிகம் என்று கருதினார். மாணவர் வெளியேற்றப்பட்டார்.

ஒரே கை, ஒரே தூரிகை. ஓர் ஆசிரியருக்கு அது குறையாகத் தெரிந்தது. இன்னோர் ஆசிரியருக்குத் திறமையாகத் தெரிந்தது. கெரெரோ லூனாவின் பெற்றோரிடம் பேசி, பையனை ஸ்பெயினுக்கு அனுப்பச் சம்மதிக்க வைத்தார். 1877ல் லூனாவும் அண்ணன் மானுவெலும் கப்பல் ஏறினார்கள். இம்முறை அவர் மாலுமியாக அல்ல, மாணவராகப் பயணம் செய்தார்.

மாட்ரிட்டிலிருந்து ரோமுக்கு

மாட்ரிட்டின் புகழ்பெற்ற சான் ஃபெர்னாண்டோ நுண்கலைப் பள்ளியில் லூனா சேர்ந்தார். அங்கே அலெஹோ வேரா என்ற ஓவியருடன் நெருக்கம் ஏற்பட்டது. வேரா ரோம் நகருக்குச் சென்றபோது லூனாவையும் உடன் அழைத்துச் சென்றார். பழைய ரோமின் இடிபாடுகளும் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களும் அவருக்கு இன்னொரு பள்ளிக்கூடம் ஆயின.

1881ல் மாட்ரிட்டில் நடந்த தேசியக் கலைக் கண்காட்சியில் அவருடைய ‘கிளியோபாட்ராவின் மரணம்’ வெள்ளிப் பதக்கம் வென்றது. மணிலா நகராட்சி ஆண்டுக்கு 600 பெசோ வீதம் நான்காண்டு உதவித்தொகை வழங்கியது. அதற்குப் பதிலாகப் பிலிப்பீன்ஸ் வரலாற்றைச் சொல்லும் ஓர் ஓவியத்தை அவர் நகராட்சிக்குத் தரவேண்டும் என்பது நிபந்தனை.

அடுத்து அவர் எடுத்துக்கொண்ட திரைச்சீலையின் உயரம் நான்கு மீட்டருக்கும் மேல், அகலம் ஏழரை மீட்டருக்கும் மேல். நம் வீவக வீட்டு வரவேற்பறையில் அதை நிமிர்த்தி வைக்கவே முடியாது. எட்டு மாத உழைப்பில் உருவான அந்த ஓவியம்தான் ‘ஸ்போலியாரியம்’.

பழைய ரோமில் மக்களின் கேளிக்கைக்காக அடிமை வீரர்களை அரங்கில் மோதவிடுவார்கள். மாண்டவர்களின் உடல்களை அரங்கின் அடியில் இருந்த ஓர் அறைக்கு இழுத்துச் சென்று, உடைகளையும் ஆயுதங்களையும் கழற்றி எடுப்பார்கள். அந்த அறையின் பெயர்தான் ஸ்போலியாரியம். நடுவே, குருதி படிந்த தரையில் உடல்கள் கயிற்றில் இழுக்கப்படுகின்றன. ஒருபுறம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். மறுபுறம் இருளில், நமக்கு முதுகைக் காட்டியபடி தரையில் சரிந்து கிடக்கிறாள் ஒரு பெண். மணிலா ஆசிரியருக்குப் பிடிக்காத அதே வேகமான தூரிகை வீச்சுதான் இந்தக் காட்சிக்கு உயிர்கொடுத்தது.

வெறும் வயிற்றோடு ஒரு பேச்சு

1884 மாட்ரிட் கண்காட்சியில் ‘ஸ்போலியாரியம்’ முதல்நிலைத் தங்கப் பதக்கம் பெற்றது. அதே கண்காட்சியில் இன்னொரு பிலிப்பினோவான ஃபெலிக்ஸ் ஹிடால்கோ வெள்ளிப் பதக்கம் வென்றார். பிலிப்பினோக்களால் எதையும் உருவாக்க முடியாது என்று ஏளனம் செய்தவர்களின் தலைநகரிலேயே அவர்களில் இருவர் வென்றிருந்தார்கள்.

ஜூன் 25ஆம் தேதி மாட்ரிட் உணவகம் ஒன்றில் பாராட்டு விருந்து நடந்தது. அதில் பேசியவர்களுள் ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர். அன்றுதான் கிரேக்க மொழிப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கியிருந்தார். கையில் காசில்லாததால் பகல் முழுவதும் சாப்பிடவில்லை என்று அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அவர்தான் ஹோசே ரிசால், பின்னாளில் பிலிப்பீன்சின் தேசிய நாயகர்.

மேதைமைக்கு நாடும் இனமும் கிடையாது என்பது ரிசால் பேச்சின் சாரம். அந்த ஓவியத்தின் இருட்டில் தம் மக்களின் துயரம் தெரிகிறது என்றும் அவர் உணர்த்தினார். ரோமானிய அடிமைகளைப் பற்றிய ஓவியம் அதன்பிறகு பிலிப்பீன்சைப் பற்றிய ஓவியமாகவும் ஆனது.

மணிலாவுக்குத் தரவேண்டிய ஓவியத்தை லூனா 1886ல் முடித்தார். 1565ல் போஹோல் தீவின் தலைவர் சிக்கத்துனாவும் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியும் செய்துகொண்ட இரத்த உடன்படிக்கைதான் அதன் காட்சி. சிக்கத்துனாவின் உருவத்துக்கு மாதிரியாக நின்றவர் ரிசால்.

பதக்கம் தராதவை

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது வழக்கமான வெற்றிக் கதையாக இருந்திருக்கும். நானும் அப்படி எழுதத்தான் நினைத்தேன்.

1892ல் பாரிசில், மனைவி மீது சந்தேகம் கொண்ட லூனா, அவரையும் அவருடைய தாயாரையும் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில சிறு குறிப்புகளில் இந்தச் செய்தி ஒரே வரியில் கடந்துபோகிறது. இரண்டு பெண்களின் உயிர் ஒரு வரியில் அடங்கிவிடக்கூடாது. அவர் ஓவியங்களை வியக்கும்போது இதையும் மறக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

1894ல் அவர் மணிலாவுக்குத் திரும்பினார். 1896ல் புரட்சி வெடித்தபோது, அதில் தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்து அவரையும் தம்பி அந்தோணியோவையும் கைது செய்தார்கள். மாட்ரிட் தந்த தங்கப் பதக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார். லூனா 1897ல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்.

பிறகு புதிய பிலிப்பீன்ஸ் குடியரசுக்கு அங்கீகாரம் தேடி வெளிநாடுகளில் பணியாற்றினார். 1899 ஜூனில் தம்பி அந்தோணியோ சொந்த நாட்டுப் படைவீரர்களாலேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி ஹாங்காங்கில் மாரடைப்பால் லூனா இறந்தார். வயது 42.

மீண்டும் அந்தப் படிகளில்

அந்த வகுப்புக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கலைக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். பிறர் வகுத்த தேர்வில், பிறர் வகுத்த அளவுகோலில் தேறினால்தான் நம்மை மனிதராக மதிப்பார்கள் என்ற நிலையில் லூனாவின் தலைமுறை இருந்தது. அவர் அதில் முதலிடத்தில் தேறினார். அந்த வெற்றியால் சம உரிமை கிடைக்கவில்லை. அது அவரை நல்ல கணவராகவும் ஆக்கவில்லை. ஆனாலும் பசியோடு அமர்ந்திருந்த ஒரு மாணவருக்கு எழுந்து பேசத் துணிவு தந்தது. அதைச் சிறியது என்று சொல்ல முடியாது.

நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஸ்பெயின் கைகாட்டும் திசையை முதலில் பார்ப்பீர்கள். பிறகு மற்றவளைக் கவனியுங்கள். அவள் முகத்தை லூனா நமக்குக் காட்டவே இல்லை. அவள் நம்பித்தான் ஏறுகிறாளா என்று நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.