ஓநாய் மனிதர்கள் ஏன் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்யக் கூடாது? 'வேர்வுல்ஃப்' விளையாட்டின் முதல் சட்டமும் அது கிளப்பிய கேள்வியும்

பௌர்ணமி ராத்திரி, ஊளைச் சத்தம், வெள்ளித் தோட்டா... ஓநாய் மனிதன் கதை என்றாலே நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது இதெல்லாம்தான். ஆனால், 'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்' விளையாட்டில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஓநாய் மனிதர் யாரைக் காதலிக்கலாம்? யாரைக் கல்யாணம் செய்யலாம்? அந்த உலகத்தின் சட்டப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். அந்தச் சட்டத்தை மீறினால் தண்டனை யாருக்குப் போகிறது என்பதுதான் இதில் சிக்கலான விஷயம். விரிவாகப் பார்ப்போம்.

இது என்ன விளையாட்டு?

அமெரிக்காவின் ஒயிட் உல்ஃப் நிறுவனம் 1992-ல் வெளியிட்ட ரோல்-பிளேயிங் கேம் இது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' நடக்கும் அதே இருண்ட உலகத்தில்தான் இந்தக் கதையும் நடக்கிறது. இதற்கு ஸ்க்ரீன், கன்ட்ரோலர் எதுவும் வேண்டாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பத்து முகப் பகடையை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். நடத்திச் செல்பவருக்கு 'ஸ்டோரிடெல்லர்' என்று பெயர்.

இதில் வரும் ஓநாய் மனிதர்கள் தங்களை 'காரூ' என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஓநாய் மனிதனைக் குறிக்கும் 'லூ-காரூ' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. பூமித் தாயான 'கையா'வைக் காக்கப் பிறந்த போர்வீரர்கள் இவர்கள். கடித்தால் ஓநாய் மனிதனாகிவிடும் சினிமாக் கதை இங்கே செல்லாது. காரூவாகப் பிறக்கத்தான் முடியும். அதனால்தான் கல்யாணம் இங்கே தனிப்பட்ட விஷயமாக இல்லாமல், இனம் பிழைக்குமா என்ற கேள்வியாகிவிடுகிறது.

முதல் சட்டம் என்ன சொல்கிறது?

காரூக்களின் சட்டத் தொகுப்புக்கு 'லிட்டனி' என்று பெயர். ஒரு காரூ இன்னொரு காரூவோடு உறவு கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. வேறு குலமாக இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் சரி, விலக்கு கிடையாது. மீறியவர்களைக் குறிக்க 'சராக்' என்று ஓர் இழிசொல்லே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரே படையில் தோளோடு தோள் நின்று சண்டை போடுகிறார்கள். ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள். வெளியே யாரிடமும் சொல்ல முடியாத ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காதல் வருவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்த இடத்தில்தான் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது.

அப்போ யாரைக் கல்யாணம் செய்வார்கள்?

காரூ ரத்தம் உள்ள குடும்பத்தில் பிறந்தும், உருமாறும் சக்தி இல்லாதவர்கள் 'கின்ஃபோக்' எனப்படுகிறார்கள். பொருத்தமான இணை என்று சமூகம் காட்டுவது இவர்களைத்தான். இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, வாரிசு. காரூவுக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஒரு சிலர்தான் காரூவாக இருப்பார்கள். இணையும் கின்ஃபோக்காக இருந்தால் அந்த வாய்ப்பு கூடும்.

இரண்டாவது, பயம். ஒன்பது அடி உயர 'கிரைனோஸ்' என்ற போர் உருவத்தைச் சாதாரண மனிதர் பார்த்தால் மூளை தாங்காது. அலறி ஓடுவார், அப்புறம் பார்த்ததையே மறந்துவிடுவார். இதற்கு 'டெலிரியம்' என்று பெயர். கின்ஃபோக்குக்கு இந்தப் பாதிப்பு கிடையாது. ரகசியத்தை மனிதர்களிடம் வெளிப்படுத்தக் கூடாது என்பதும் லிட்டனியின் இன்னொரு விதி. ஆகவே சாதாரண மனிதரைக் கட்டிக்கொண்டால் காலம் முழுக்கப் பொய் சொல்லித்தான் குடும்பம் நடத்த வேண்டும். கின்ஃபோக் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

கின்ஃபோக் என்றால் மனிதர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓநாய்களிலும் கின்ஃபோக் உண்டு. மனிதர்களிடம் பிறந்து வளர்ந்த காரூவை 'ஹோமிட்' என்றும், ஓநாய்க் கூட்டத்தில் பிறந்தவரை 'லூபஸ்' என்றும் சொல்வார்கள். லூபஸுக்கு இணை தேடுவது காட்டில்.

குலத்துக்குக் குலம் வழக்கம் மாறும்

விளையாட்டின் பழைய பதிப்புகளில் காரூ குலங்கள் மொத்தம் 13. சட்டம் ஒன்றுதான், ஆனால் நடைமுறை ஒரே மாதிரி இல்லை. சில உதாரணங்கள்:

சில்வர் ஃபாங்ஸ்: அரச வம்சம். தூய ரத்தம் கெடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே சம்பந்தம் பேசியவர்கள். விளைவு, மனநோய் இந்த வம்சத்தின் சாபமாகவே ஆகிவிட்டது.

பிளாக் ஃபியூரீஸ்: பெண்களின் குலம். ஆண் குழந்தை பிறந்தால் பெரும்பாலும் வேறு குலத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ரெட் டேலன்ஸ்: மனிதர்களை அடியோடு வெறுப்பவர்கள். ஓநாய்களிடம் மட்டுமே உறவு. காட்டு ஓநாய்கள் குறையக் குறைய, இந்தக் குலமும் குறைந்துகொண்டே வருகிறது.

ஃபியானா: அயர்லாந்தோடு தொடர்புடைய குலம். பாட்டு, காதல், கொண்டாட்டம் எல்லாம் இவர்களிடம்தான் அதிகம். வேடிக்கை என்னவென்றால், முதல் சட்டத்தை மீறிப் பிறந்த குழந்தைகளை மிக மோசமாக நடத்துபவர்களில் இவர்களும் உண்டு.

தண்டனை யாருக்கு?

இரண்டு காரூக்களுக்குப் பிறக்கும் குழந்தையை விளையாட்டின் பழைய பதிப்புகள் 'மெட்டிஸ்' என்று அழைத்தன. போர் உருவத்திலேயே பிறக்கும். ஏதாவது ஓர் உடல் குறையோ மனக் குறையோ கட்டாயம் இருக்கும். வளர்ந்தாலும் அதற்குக் குழந்தை பிறக்காது. பிறந்த நாளிலிருந்தே காரூ சமூகத்துக்குள் வளர்வதால் மொழி, சடங்கு, சட்டம் எல்லாம் அத்துப்படி. ஆனாலும் பெற்றோரின் குற்றத்துக்கு நடமாடும் சாட்சி என்று ஊரே அதைப் பார்க்கும். சில்ட்ரன் ஆஃப் கையா, போன் நாவர்ஸ் போன்ற ஒருசில குலங்கள்தான் கொஞ்சம் அன்பாக நடத்தும்.

அதாவது, சட்டத்தை மீறியவர்கள் இருவர். வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பதோ மூன்றாவது ஆள். இந்த அநியாயத்தை ஆடிப் பார்ப்பதற்காகவே மெட்டிஸ் கதாபாத்திரத்தை விரும்பி எடுத்த ஆட்டக்காரர்கள் நிறைய பேர்.

நிஜ ஓநாய்களிடம் இப்படி உண்டா?

சட்டம் இல்லை, ஆனால் பழக்கம் உண்டு. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான்: அப்பா, அம்மா, அவர்களின் குட்டிகள். குட்டிகள் வளர்ந்ததும் வீட்டை விட்டுக் கிளம்பி, வெகுதூரம் போய் அந்நிய ஓநாயைத் துணையாகத் தேடிக்கொள்ளும். நெருங்கிய ரத்த உறவைத் தவிர்க்க இயற்கை வைத்திருக்கும் வழி இது.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஐல் ராயல் தீவு உதாரணம். 1980-ல் அங்கே 50 ஓநாய்கள் இருந்தன. நோயும், வெளி ரத்தம் கலக்காத இனப்பெருக்கமும் சேர்ந்து எண்ணிக்கையைக் குறைத்தன. முதுகெலும்புக் குறைபாடுகளும் காணப்பட்டன. கடைசியில் மிஞ்சியது இரண்டே இரண்டு. அவை அப்பாவும் மகளும். 2018-ல் தொடங்கி வெளியிலிருந்து புது ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கூட்டம் மீண்டது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நிஜத்தில் ஆபத்து, நெருங்கிய ரத்த உறவில்தான். விளையாட்டிலோ உலகின் இரு மூலைகளில் பிறந்த, எந்த உறவும் இல்லாத இரண்டு காரூக்களுக்கும் அதே தடைதான். அறிவியல் மாதிரித் தெரிந்தாலும் இது அறிவியல் இல்லை, சாபம்.

2023-ல் என்ன மாறியது?

மெட்டிஸ் விஷயத்தில் இரண்டு நெருடல்கள் இருந்தன. ஒன்று, உடல் குறைபாட்டைப் பாவத்தின் அடையாளமாகக் காட்டுவது. இன்னொன்று, அந்தப் பெயர். கனடாவில் இதே எழுத்துகளால் ஆன பெயரோடு ஒரு நிஜ மக்கள் இனம் வாழ்கிறது. அந்நாட்டின் 1982 அரசியலமைப்புச் சட்டம் அங்கீகரித்த பூர்வகுடிகளில் அவர்களும் ஒருவர். பூர்வகுடிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த கல்யாணங்களிலிருந்து உருவான ஒரு சமூகத்தின் பெயர், கதையில் 'பிறந்திருக்கவே கூடாத' பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டிருந்தது.

2023-ல் வெளியான ஐந்தாவது பதிப்பு மெட்டிஸை முழுவதுமாக நீக்கிவிட்டது. காரூவாவதற்கு இந்தப் பரம்பரையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. அதனால் வாரிசுக்காகச் சம்பந்தம் பேசும் பழைய கணக்குக்கும் வேலை குறைந்துபோனது.

பழைய பதிப்புகளை வைத்து ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மேசையில் முதல் சட்டம் அப்படியே இருக்கலாம், மாறியும் இருக்கலாம். முதல் பகடையை உருட்டுவதற்கு முன்பே, காதலும் குழந்தையும் கதையில் எவ்வளவு தூரம் வரலாம், எது வரவே கூடாது என்று எல்லோரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. காரூக்களின் சபையில் அப்படிக் கேட்க யாருக்கும் வாய்ப்பு இல்லை. ஆடுபவர்களுக்கு இருக்கிறது.