சுமைதாங்கி முதல் இருக்கை உரிமை வரை

தமிழகத்தின் பழஞ்சாலைகளில் நடந்தோர் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பர். செங்குத்தாக நட்ட இரண்டு கற்களின்மேல் ஒரு கற்பலகை குறுக்காகக் கிடக்கும். கருவுற்ற நிலையில் மகவைப் பெறாமலே மறைந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இதனை நாட்டுவது மரபு. இறக்கி வைக்கமுடியாத சுமையோடு மறைந்தவள் பெயரால் ஊராரின் சுமையை இறக்கி வைக்க ஓரிடம் அமைத்தனர் நம் முன்னோர். இதன் பின்னுள்ள இரக்கத்தைப் பலர் பேசியுள்ளனர். இதன் பின்னுள்ள அறிவைப் பேசியோர் சிலரே.

அந்தக் கல்லின் உயரத்தை நோக்குக. அது தரையோடு அமைந்த திண்ணையன்று. ஏறக்குறைய ஆளின் தோள் உயரத்தில் இருக்கும். தலைச்சுமையோடு வருபவர் குனிய வேண்டியதில்லை. கைகொடுக்கப் பிறரை அழைக்க வேண்டியதில்லை. தலையிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து தலைக்கும் சுமையை மாற்றிக் கொள்ளலாம். மனித உடலின் அளவை அறிந்து, அதற்கேற்பப் பொருளை அமைத்த திறம் இது. இத்திறத்தையே இன்று 'பணிச்சூழலியல்' என்னும் பெயரால் ஓர் அறிவியல் துறையாகப் பயில்கின்றோம்.

துறையின் தோற்றம்

தொழிலால் வரும் நோய்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதல்வராக இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினியைக் கூறுவர். 1700ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், கைவினைஞர் பலருடைய நோய்களைத் தொழில்வாரியாக வகுத்துரைத்தது. நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான வினாக்களோடு, 'நீ செய்யும் தொழில் யாது?' என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவரே. நெடுநேரம் நிற்போர்க்குக் கால் நாளங்கள் புடைப்பதையும், நெடுநேரம் அமர்ந்து எழுதுவோர்க்குக் கை சோர்வதையும் அவர் அன்றே குறித்து வைத்தார்.

1857இல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி, வேலை என்றும் நெறி என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்கு 'எர்கோனாமிக்ஸ்' என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல் இங்கிலாந்தில் இதற்கெனத் தனிக்கழகம் தோன்றியது. தொழிலுக்கு ஏற்ப மனிதனை வளைப்பது முறையன்று. மனிதனுக்கு ஏற்பத் தொழிலை அமைத்தலே முறை என்பது இத்துறையின் சாரம்.

நம் வட்டாரம்

அண்ணனூர் வட்டாரத்தார்க்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவாகியது. மேற்கே ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் 'விஜயந்தா' பீரங்கி வண்டி வெளிவந்தது. அதே ஆவடியில் படைவீரர்க்கான உடைகளைத் தைக்கும் தொழிற்சாலையும் உண்டு. அண்ணனூரிலேயே மின்தொடர்வண்டிகளைப் பேணும் பணிமனை இருக்கின்றது. காலையில் நிலையத்தில் நிற்போரைப் பார்த்தால் கடைசல் பொறியில் நிற்பவர், தையல் பொறியில் குனிபவர், கணிப்பொறியின்முன் அமர்பவர், துணிக்கடையில் நாள் முழுதும் நிற்பவர் என நால்வகை உழைப்பாளரையும் ஒருங்கே காணலாம்.

நம் துறையில் பயின்று பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி, நகரத்தின் பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தாள். ஓராண்டுக்குப் பின் சான்றிதழ் ஒன்றைப் பெறக் கல்லூரிக்கு வந்தவள், துறையின் வாயிற்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். கால் வீங்கியிருந்தது. வண்டியிலும் நின்று, கடையிலும் நின்று, திரும்பும் வண்டியிலும் நிற்கின்றாள் என்பதை அறிந்தோம். 'கடையில் உட்கார இருக்கை இல்லையா?' என்று வினவினோம். 'முக்காலி இருக்கிறது சார். உட்கார்ந்தால்தான் கேள்வி வருகிறது' என்றாள். இக்கட்டுரை அம்மறுமொழியிலிருந்தே பிறந்தது எனலாம்.

நிற்பதால் விளைவன

நடக்கும் காலுக்கும் நிற்கும் காலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. காலில் இறங்கிய குருதி மீண்டும் இதயத்திற்கு மேலேற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது அது நாளங்களை அழுத்திக் குருதியை மேலே தள்ளுகிறது. இதனாலேயே அத்தசையை இரண்டாம் இதயம் என்பர் மருத்துவர். நடப்பவர்க்கு அவ்விதயம் இயங்குகிறது. அசையாது நிற்பவர்க்கு அது ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. குருதி தேங்குகிறது, பாதம் வீங்குகிறது, ஆண்டுகள் செல்லச் செல்ல நாளங்கள் புடைத்துச் சுருண்டு, சுருள்சிரை நோய் தோன்ற ஏதுவாகிறது. இடுப்பும் குதிகாலும் வலிக்கின்றன. கழிப்பிடம் செல்ல இசைவு கிட்டாது என்று அஞ்சித் தண்ணீர் அருந்தாதிருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த்தொற்றும் சேர்கிறது.

இருக்கை உரிமை

இத்துன்பத்தை உலகம் நெடுங்காலமாக அறியும். இங்கிலாந்தில் 1899இலேயே, கடைகளில் பெண் பணியாளர் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். 1964இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான உடன்படிக்கையில் போதிய இருக்கைகளை அளிப்பதோடு, அவற்றைப் பயன்படுத்த வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்று வகுத்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தனது 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை வசதி வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலைக்கே உரியதாக இருந்தது. துணிக்கடைப் பெண் அதன் நிழலில் வரவில்லை.

அந்நிழலை வேண்டி எழுந்த முதல் வலுவான குரல் கேரளத்துக் கோழிக்கோட்டில் கேட்டது. அங்குள்ள மிட்டாய்த் தெருக் கடைகளில் பணியாற்றிய பெண்கள், தையற்பணி செய்துவந்த விஜி என்பாரின் தலைமையில் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பின்கீழ்த் திரண்டனர். கழிப்பிடம் வேண்டும் என்பதும் அமர இடம் வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகள். பல ஆண்டுப் போராட்டத்தின் பயனாக 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது.

தமிழகத்தில் 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் துணிக்கடைப் பணியாளரின் துயரைப் பலர் அறியச் செய்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் ஒரு திருத்த மசோதாவைக் கொணர்ந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை வசதி செய்ய வேண்டும். பணிக்கிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமரலாம். நாள் முழுதும் கால்கடுக்க நிற்கும் நிலை கூடாது என்பது அதன் கருத்து.

சட்டம் வந்தது, முக்காலியும் வந்தது. எனினும் நம் மாணவி நின்றுகொண்டேயிருந்தாள். அமர்ந்திருக்கும் பணியாளர் சோம்பேறி என்றும், நின்று வரவேற்பதே மரியாதை என்றும் நம் மனத்துள் ஊறிய எண்ணத்தை எந்தச் சட்டப்பிரிவு திருத்தும்? தமிழில் 'இரு' என்னும் வேர்ச்சொல் உயிரோடிருத்தலையும் குறிக்கும், அமர்தலையும் குறிக்கும். இருத்தற்கு உரிமை உண்டெனில் அமர்தற்கும் உரிமை உண்டு என்று நம் மொழியே வழக்குரைப்பதுபோல் தோன்றுகிறது.

அமர்வதிலும் அளவு

அமர்வது நன்றெனில், நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் நலமாக உள்ளாரா? அதுவும் இல்லை. முதுகெலும்பின் இடைவட்டுகள் தாங்கும் அழுத்தத்தை 1960களில் சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் அளந்தார். சாய்மானமின்றி அமரும்போது, நிற்கும்போதைவிட அவ்வழுத்தம் மிகுவதையும், முன்குனிந்து அமர்ந்தால் இன்னும் மிகுவதையும் அவர் கண்டார். முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் குனிந்து தைக்கும் தையற்காரரும், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் தட்டை மடியில் வைத்துத் தலைகவிழ்ந்து பீடி சுற்றும் நம் தாய்மாரும் கழுத்து வலியும் இடுப்பு வலியும் கொள்வதன் காரணம் இதுவே.

நிற்றலும் அமர்தலும் மாறிமாறி நிகழ வேண்டும். ஒரே நிலையில் உறைந்திருப்பதே உடலுக்குப் பகை.

சுமை தூக்கும் முறை

தொழிற்பேட்டையில் மிகுதியும் நேரும் இன்னொரு துன்பம் முதுகுப்பிடிப்பு. இதனைத் துலாக்கோல் கொண்டு விளக்கலாம். தூக்குபவரின் முதுகெலும்பே துலாக்கோலின் நடுமுனை. முதுகுத்தசை அம்முனையிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் இழுக்கிறது. 10 கிலோ பொருளை 50 செ.மீ. தொலைவில் கையை நீட்டிப் பிடித்தால், பத்து மடங்கு தொலைவை ஈடுசெய்யத் தசை பத்து மடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியுள்ளது. அதே பொருளை உடலோடு அணைத்து 25 செ.மீ. அளவில் பிடித்தால் அவ்விழுப்பு பாதியாகிறது. பொருளின் எடை மாறவில்லை. பிடித்த முறை மாறியது.

எல்லா வசதியும் பொருந்திய நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991இல் வகுத்த வாய்பாடு கொள்கிறது. நம் சிமெண்டு மூட்டையோ 50 கிலோ. இருவர் சேர்ந்து தூக்குவதும், தள்ளுவண்டியைப் பயன்படுத்துவதும், மூட்டையைத் தரையில் இடாது இடுப்பளவு மேடையில் அடுக்குவதும் எளிய தீர்வுகள். அவ்விடுப்பளவு மேடை சுமைதாங்கிக் கல்லின் வழித்தோன்றலே.

எளிய திருத்தங்கள்

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டும் என அஞ்சற்க. வேலைப்பலகையின் உயரத்திற்கு முழங்கையே அளவுகோல். நுண்ணிய வேலைக்குப் பலகை முழங்கைக்குச் சற்று மேலாகவும், இலகுவான கைவேலைக்குச் சற்றுக் கீழாகவும், அழுத்தித் தள்ளும் கடுவேலைக்கு இன்னும் தாழ்வாகவும் இருத்தல் வேண்டும். பொறியோ உயரம், பணியாளரோ குள்ளம் எனில், காலடியில் ஒரு மரப்பலகை மேடை போதும். நிற்பவர் ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கச் சிறுபடி ஒன்றும், சிமெண்டுத் தரையில் கெட்டியான ரப்பர் விரிப்பு ஒன்றும் உதவும். தையலர்க்குச் சாய்வுள்ள நாற்காலி வேண்டும். கணிப்பொறித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கைநீளத் தொலைவில் இருக்க வேண்டும். கால் தரையில் படியாவிடில் ஒரு கால்மணை வைக்கலாம். அடிக்கடி எடுக்கும் பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். அரைமணிக்கொரு முறை எழுந்து நான்கடி நடப்பது செலவில்லாத மருந்து.

நம் மூதாதையர் இதனைச் செய்தே காட்டினர். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். மடக்கிய காலோடு வருந்த வேண்டியதில்லை. தலைச்சுமைக்குச் சும்மாடு கண்டதும் அவ்வறிவே.

பெரியோரிடம் ஒரு வேண்டுகோள்

இம்மலரைக் கையிலேந்தும் சமுதாயப் பெரியோருள் கடை நடத்துவோர் பலர். பட்டறை நடத்துவோர் சிலர். பணியாளரின் ஆற்றலுக்கு மீறிய வேலையை அவர்மீது சுமத்தலாகாது என்றும், சுமத்த நேர்ந்தால் தாமும் உடன்நின்று உதவ வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் வெள்ளி மேடைகளில் கேட்டு வளர்ந்தோம். ஒருவர்மேல் அவருடைய உடலுக்கும் உரிமை உண்டென்று நாயகம் உரைத்ததையும் அறிவோம். முக்காலி வாங்கி வைப்பதோடு நம் கடமை முடிவதில்லை. 'வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரம்மா' என்று முதலாளியின் வாயால் ஒரு முறை சொல்லப்பட்டால், அச்சொல் சட்டப்பிரிவு செய்யாததைச் செய்யும்.

வாங்குவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பெருநாளுக்கு முந்திய இரவுகளில் நள்ளிரவு வரை கடைகளில் திரள்கிறோம். நூறு புடவைகளை விரிக்கச் செய்து ஒன்றை எடுக்கிறோம். நோன்பிருந்து நிற்கும் பெண்ணும் அவ்வரிசையில் உண்டு என்பதை எண்ணுவதில்லை. அமர்ந்திருக்கும் விற்பனையாளரைக் கண்டு முகம் சுளிக்காதிருப்பதே அவர்க்கு நாம் செய்யும் முதல் உதவி.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பணியாளராகலாம், மேற்பார்வையாளராகலாம், முதலாளியும் ஆகலாம். எந்த நிலையை எய்தினும் சுமைதாங்கிக் கல்லை மறவாதீர். வழியில் வரும் முகமறியாதவரின் தோளளவை எண்ணி அக்கல்லை நட்டவர், அவர் யார் எவர் என்று கேட்கவில்லை. இன்றைய கடைவீதிக்கு வேண்டியது அத்தகைய கல் ஒன்றே. அதன் வடிவம் நாற்காலியாகவும் இருக்கலாம். அதில் அமர்வோர் அச்சமின்றி அமரும் நாளை வல்ல இறைவன் விரைவில் அருள்வானாக!