சுழல் துப்பாக்கிக் குழலில் ஈயப்படிவு

ஈயப்படிவு என்பது, மேலுறை இல்லாத ஈயக் குண்டு துப்பாக்கிக் குழலைக் கடக்கும்போது அதன் ஈயம் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதாகும். இந்தியாவில் பலர் உரிமம் பெற்று வைத்திருக்கும் .32 ரிவால்வரில் இக்குறை காணப்படுகிறது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்படும் இவ்வகை ரிவால்வருக்குப் பொதுவாக ஈயக் குண்டுத் தோட்டாவே பயன்படுகிறது. படிவு கூடினால் குறி தவறும்; குழலின் உள்ளழுத்தமும் உயரும்.

காரணம்

ஈயம் மென்மையான உலோகம். 327 பாகை செல்சியசில் உருகும். குழலினுள் உள்ள சுழல்வரிகளில் குண்டு இறுக்கமாகப் பொருந்தினால், பின்னாலுள்ள சூடான வாயு அடைபட்டு நிற்கும். பொருந்தாவிட்டால் வாயு பக்கவாட்டில் கசிந்து, குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தைக் குழலில் பூசிவிடும். ரிவால்வரில் குண்டு, சுழலும் உருளையிலிருந்து சிறு இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைகிறது. ஆகவே அங்கே இவ்வாய்ப்பு அதிகம்.

குறையைக் கண்டறிதல்

படிவு எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டும்.

- உருளையை ஒட்டிய பின்முனையில் சுற்றிலும் இருந்தால்: குண்டின் விட்டம் போதவில்லை, வாயு கசிகிறது.
- பின்முனையில் ஒரு பக்கம் மட்டும் இருந்தால்: உருளையின் அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை. சுடும்போது ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிப்பதும் இதன் அடையாளம்.
- குண்டு வெளியேறும் முன்முனையில் இருந்தால்: குண்டில் பூசிய மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது.
- திட்டுத் திட்டாக இருந்தால்: உட்சுவர் சொரசொரப்பாகவோ துருக்குழி விழுந்தோ உள்ளது.

கடைசிக் குறைக்குத் தோலுறையும் காரணமாகலாம். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுவதைப் பார்த்தவர்களுக்கு, அதில் உப்பும் அமிலமும் சேர்வது தெரியும். அவற்றின் மிச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் எஃகு துருப்பிடிக்கும். தோலுறை எடுத்துச் செல்லத்தான். உள்ளே வைத்துப் பூட்டிவைக்க அன்று.

நீக்கும் முறை

முதலில் தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, உருளையின் ஒவ்வோர் அறையும் காலியா என்று பார்க்க வேண்டும். பின் துப்புரவு எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைக்க வேண்டும். படிவு பிடிவாதமாக இருந்தால் தூய செம்புக் கம்பிச் சுருளைத் தூரிகையில் சுற்றித் தேய்க்கலாம். செம்பு, எஃகைவிட மென்மையானதால் குழலைக் கீறாது. சுருளில் காந்தம் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, அதைப் பயன்படுத்தக்கூடாது.

செய்யக்கூடாதவை

உறையிட்ட குண்டைச் சுட்டுப் படிவைத் தள்ள முயல்வது ஆபத்து, அழுத்தம் எகிறும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றுவதும் தவறு. ஈயம் அதில் கரைந்து ஈய அசிட்டேட் என்னும் நஞ்சாகும்; எஃகும் அரிபடும்.

உருளை நேராக நிற்காதது போன்ற குறைகளை வீட்டில் அரத்தால் சரிசெய்யக்கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். அத்தகையவரிடமே கொடுக்க வேண்டும்.

உடல்நலம்

ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை. எனவே துப்புரவைச் சமையலறையிலோ குழந்தைகள் இருக்கும் இடத்திலோ செய்யக்கூடாது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்து, கழிவுத் துணியைத் தனியாகக் கட்டி, கைகளைச் சோப்பால் நன்கு கழுவ வேண்டும். துப்பாக்கி சுத்தமாவதைவிட வீடு நஞ்சாகாமல் இருப்பது முக்கியம்.